வீடு கேரளா, கடை தமிழ்நாடு: ஜெர்மனி குடும்ப விசாவுக்கு எந்த ஊர்ல விண்ணப்பிக்கறது?

தீவனக்கடை_தங்கவேல்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

நாங்க சித்தூர் தாலுகா. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் மாட்டுத் தீவனக் கடை. வீட்டுக்காரி நர்ஸ். அரசாங்கத் திட்டத்துலயே தேர்வாகி, பி1 நிலை (ஏ1, ஏ2-க்கு அடுத்தது) வரைக்கும் ஜெர்மன் படிச்சு அங்க போயிட்டா. இப்ப காசெல்ங்கற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை. பாப்பாவுக்கு நாலு வயசு, எங்கூட இருக்கா. நானும் பாப்பாவும் அங்க போய்ச் சேரணும். டூரிஸ்ட் விசா இல்லைங்க, அங்கயே தங்கற நீண்டகால விசா.

சிக்கல் என்னன்னா, எங்க காகிதமெல்லாம் ரெண்டு மாநிலத்துல செதறிக் கெடக்குது. நான் பொறந்ததும் படிச்சதும் இந்தப் பக்கம். கல்யாணம் ஆனைமலையில, பதிவு பண்ணலை. பாப்பா பொறந்தது பொள்ளாச்சியில. கடை ஜிஎஸ்டி தமிழ்நாடு. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் வீட்டு விலாசம். அதுபோக எம்பேரு பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, பாப்பா பிறப்புச் சான்றிதழ்ல ஒரு மாதிரி.

எந்தத் தூதரகத்துல குடுக்கணும்? எதை மொதல்ல சரி பண்ணணும்? நாப்பத்தஞ்சாயிரம் குடுங்க, எல்லாத்தையும் நாங்களே பார்த்துக்கறோம்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு. குடுக்கலாமா?

நகரி_தறி

சித்தூர்னா நம்ம பக்கம்தான் அண்ணா. ஆந்திராவுக்கு சென்னை ஜெர்மன் துணைத் தூதரகம்தான். என் தம்பி மாஸ்டர்ஸுக்குப் போனப்ப அங்கதான் குடுத்தான். மீசேவா இ-சேவை மையத்துல குடும்பச் சான்றிதழ் எல்லாம் வாங்கி வெச்சுக்கோங்க. நம்ம படிப்பு நிஜம்தான்னு சரிபார்த்துக் குடுக்கிற ஏபிஎஸ் சான்றிதழும் வேணும், 2022 நவம்பர்லேர்ந்து கட்டாயம். பிளாக்டு அக்கவுண்ட்ல, அதாவது அங்க செலவுக்குன்னு முடக்கி வெக்கிற கணக்குல, 11,904 யூரோ காட்டணும்.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

தறிக்காரத் தம்பி, இவர் சொல்றது பாலக்காடு ஜில்லா சித்தூர். உங்க சித்தூர் இல்லை. எங்க ஊர்க்காரங்களுக்குத் தபாலே திருப்பதி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரும், பழகிப்போச்சு. ஏபிஎஸ்ஸும் பிளாக்டு அக்கவுண்டும் படிக்கப் போறவங்களுக்கு. இவர் கேட்கிறது குடும்பத்தோட சேர்ற விசா, அதுக்கு அது ரெண்டும் வேண்டியதில்லை.

தங்கவேல், கேரளாவும் கர்நாடகாவும் பெங்களூர் துணைத் தூதரகத்தோட எல்லைக்குள்ள வருது. தமிழ்நாடு, புதுச்சேரி, ஆந்திரா, தெலங்கானா நாலும் சென்னைக்கு. பெங்களூர்னு சொன்னாலும் நீங்க அங்க போகவேண்டியது வராது. கைரேகை குடுக்க கொச்சியில விஎஃப்எஸ், அதாவது தூதரகத்துக்காக விசா விண்ணப்பம் வாங்கற மையம், இருக்கு, பாலக்காட்டுல ரயில் ஏறினா எர்ணாகுளம்.

இங்கே கேள்வி நீங்க எங்க பொறந்தீங்க, எந்த மொழி பேசறீங்க, எங்க கடை வெச்சிருக்கீங்கங்கறது இல்லை. எங்க குடியிருக்கீங்கங்கறதுதான். ராத்திரி கடையைப் பூட்டிட்டு எந்தப் பக்கம் வந்து படுக்கறீங்களோ அந்த மாநிலம். ஆதாரும் பாஸ்போர்ட்டும் அதையே சொல்லுதுன்னா அதுல குழப்பமே இல்லை.

நகரி_தறி

சரிங்க டீச்சர், அப்ப பெங்களூர். பேர் ஒண்ணா வெச்சதுக்கு நான் பொறுப்பில்லை :)

லைப்சிக்_செவிலி

நான் மார்த்தாண்டம் பக்கம், படிச்சது திருவனந்தபுரம். இங்க வந்து கொஞ்ச வருஷமாச்சு. என் வீட்டுக்காரரும் பையனும் இதே வழியிலதான் வந்தாங்க. ஒரு விஷயம் மட்டும் முதல்ல சொல்லுங்க அண்ணா: அக்காவுக்கு அங்கீகாரம் கிடைச்சிருச்சா? இப்ப அவங்க கையில இருக்கிற ரெசிடென்ஸ் கார்டுல எந்தப் பிரிவு எழுதியிருக்கு?

இதைக் கேட்காம யாரும் உங்களுக்குப் பதில் சொல்லவே முடியாது. நம்ம ஊர் நர்ஸுங்க நிறையப் பேர் முதல்ல 16டி பிரிவுல வர்றாங்க. நம்ம நர்சிங் படிப்பை இங்க அங்கீகரிக்கிற வரைக்கும் அந்தக் கார்டுதான். பரீட்சையோ, தழுவல் பயிற்சியோ முடிச்சு, மொழித் தகுதியும் காட்டினதும் உர்குண்டே, அதாவது நர்ஸா வேலை செய்யற அங்கீகாரச் சான்று, கையில வரும். அதுக்கப்புறம் 18ஏ கார்டு, அதாவது முழுத் தகுதியுள்ள தொழிலாளி.

16டி-யா இருந்தா, அவங்களோட சேர வர்ற கணவன் ஏ1 ஜெர்மன் பாஸ் பண்ணிட்டு வரணும். 18ஏ-ஆ இருந்தா அந்த ஏ1 விதியிலேர்ந்து விலக்கு. புளூ கார்டு (நல்ல சம்பளம் வாங்கற பட்டதாரிங்களுக்கான கார்டு) வெச்சிருக்கிற இன்ஜினியரோட மனைவிக்கு எப்படி ஏ1 கேட்கறதில்லையோ, அதே மாதிரி. ஏஜென்ட்டுங்க இதைச் சொல்லவே மாட்டாங்க, ஏன்னா ஏ1 வகுப்பு நடத்தறதும் அவங்கதான்.

வீட்டு அளவும் அப்படித்தான். ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் வீடு இருக்கணும்னு முன்னாடி கேட்பாங்க. 2024 மார்ச்சுல வந்த மாற்றத்துக்கு அப்புறம் 18ஏ மாதிரிக் கார்டு உள்ளவங்க கணவன், மனைவி, மைனர் குழந்தைங்களுக்கு அந்த நிபந்தனையும் இல்லை. அக்கா இப்ப ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல ஒத்தை ரூம்ல இருந்தா, இது பெரிய விஷயம்.

தீவனக்கடை_தங்கவேல்

ரொம்ப நன்றிங்க தங்கச்சி. உர்குண்டே வந்திருச்சுன்னு போட்டோ அனுப்பினா. கார்டு இன்னும் பழசுதானாம், மாத்தறதுக்கு அப்பாயிண்ட்மென்ட் போட்டிருக்கா. ஒத்தை ரூம்தான், நீங்க சொன்ன மாதிரியே.

லைப்சிக்_செவிலி

அப்ப அவசரப்பட்டு இந்த மாசமே குடுக்காதீங்க. புது கார்டு வரட்டும். அது வர்ற வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் காகிதத்தைச் சரி பண்ணுங்க, எப்படியும் அதுக்கு நேரமாகும்.

இன்னொண்ணு. உங்க விசாவைத் தூதரகம் மட்டும் முடிவு பண்றதில்லை. அக்கா இருக்கிற ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஃபைல் போய், அவங்க சரின்னு சொல்லணும். தாமதம் பெரும்பாலும் அங்கதான். சின்ன ஊர்னா சீக்கிரம், பெரிய நகரம்னா மாசக்கணக்கு. கொச்சியில தினம் போன் பண்ணிப் பிரயோஜனமில்லை. அக்காவை அங்க மெயில் போட்டுக் கேட்கச் சொல்லுங்க, ஜெர்மன்ல எழுதச் சொல்லுங்க.

உக்கடம்_ஸ்டாண்டு

ஏனுங்க இவ்வளவு சுத்தறீங்க? உங்க ஊர்லேர்ந்து கோயமுத்தூர் எட்டற தூரம். ஒரு வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் போடுங்க, கேஸ் கனெக்‌ஷனை மாத்துங்க, ஆதார் விலாசத்தை மாத்துங்க, சென்னையில குடுங்க. தமிழ்ல பேசிக்கலாம். கல்யாணம் தமிழ்நாடு, குழந்தை தமிழ்நாடு, கடை தமிழ்நாடு. எல்லாம் ஒரே மாநிலமா இருந்தா கேள்வி வராதில்ல? எங்க காம்பவுண்ட்ல ஒருத்தர் அப்படித்தான் பண்ணினாரு, சுளுவா முடிஞ்சுது.

மூணாறு_லயம்

உக்கடத்து அண்ணா சொல்றதுல பாதி எனக்கு நடந்ததுதான், ஆனா நான் நிஜமாவே குடிமாறினேன். ரெண்டும் ஒண்ணாயிராது.

எங்க அப்பா எஸ்டேட் தொழிலாளி. லயம், அதாவது நாங்க குடியிருந்த வரிசை வீடு, கம்பெனியோடது. ஆதார்ல எஸ்டேட் பேரும் டிவிஷன் பேரும்தான் விலாசம். தெருவும் இல்லை, கதவு நம்பரும் இல்லை. அப்பா ரிடையரானதும் லயத்தை ஒப்படைச்சுட்டு போடிக்கு இறங்கிட்டோம். என் பாஸ்போர்ட்ல தேவிகுளம் தாலுகா, நான் இருக்கிறதோ தேனி ஜில்லா. வீட்டுக்காரர் ஸ்டுட்கார்ட்ல புளூ கார்டு. நான் சென்னையில குடுத்தேன். போடியில வேலை பார்த்த பள்ளிக்கூடத்தோட கடிதம், பேங்க் பாஸ்புக், கரண்ட் பில், ஆதார் மாத்தினது எல்லாம் இருந்துச்சு. கேட்டாங்க, காட்டினேன், முடிஞ்சுது.

ஆனா அதுக்கப்புறம் விசாரிக்க ஒருத்தர் வீட்டுக்கே வந்தார். எங்ககிட்ட மட்டுமில்லை, எதிர்வீட்டு அம்மாகிட்டயும் கேட்டார். எப்பயிருந்து இங்க இருக்காங்க, கல்யாணத்துக்கு நீங்க போனீங்களா, மாப்பிள்ளையைப் பார்த்திருக்கீங்களா, எங்க வேலை. எதிர்வீட்டு அம்மா விடுவாங்களா? கல்யாணப் பந்தியில அப்பளம் பத்தலைங்கறது வரைக்கும் சொல்லி அனுப்பிச்சாங்க. தங்கவேல் அண்ணன் கோவையில காகிதத்துல மட்டும் ஒரு வீடு வெச்சு, அங்க ஒருத்தர் வந்து கேட்டா, பக்கத்து வீட்டுக்காரருக்கு இவர் முகமே தெரியாது.

உக்கடம்_ஸ்டாண்டு

எல்லாருக்குமா வர்றாங்க? பத்துல ஒருத்தருக்கு வரலாம்.

லைப்சிக்_செவிலி

எத்தனை பேருக்கு வர்றாங்கங்கறது பேச்சே இல்லைங்க அண்ணா. விண்ணப்பத்தோட ஒரு தாள்ல கையெழுத்து வாங்குவாங்க. பொய்த் தகவல் குடுத்தா விசா மறுக்கலாம், உள்ள வந்தப்புறம் தெரிஞ்சாலும் நாட்டைவிட்டு அனுப்ப அது காரணமாகலாம்னு அதுல இருக்கும். வசிப்பிடச் சட்டம் 54ஆம் பிரிவு. அக்கா இவ்வளவு பரீட்சை எழுதி வாங்கின கார்டுக்குப் பக்கத்துல இந்த ஆபத்தை எதுக்கு வெக்கணும்? அதுவும் கிடைக்கப்போற லாபம் தமிழ்ல பேசறது மட்டும்தான். கொச்சியிலயும் விரல் வெக்கச் சொல்றதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

நானும் அதேதான். எல்லாக் காகிதமும் ஒரே மாநிலத்துல இருக்கணும்னு எந்த விதியும் இல்லை. எல்லையோரத்துல இருக்கிற குடும்பம் எதுக்குத்தான் ஒரே மாநிலத்துல பொறந்து, கட்டி, பெத்திருக்கு? பிரசவத்துக்குப் பொள்ளாச்சியும் கோயமுத்தூரும், மாசத்துக்கு ஒரு தடவை கோயில் ஆனைமலை, ரேஷனும் ஓட்டும் இங்க. 1956ல கோடு போட்டவங்க எங்ககிட்ட கேட்கலை. ஆனா ஒவ்வொரு காகிதத்துக்கும் அது பொறந்த ஆபீஸ் ஒண்ணு இருக்கு, அதைத் திருத்தணும்னா அந்த ஆபீஸ்லதான் திருத்தணும். இங்க அக்ஷயா இ-சேவை மையத்துல போய் பொள்ளாச்சி நகராட்சிச் சான்றிதழைத் திருத்திக் குடுன்னா அவங்களால முடியாது.

பொள்ளாச்சி_பத்திரம்

நான் பத்திர எழுத்தர். கல்யாணப் பதிவு பத்தி மட்டும் சொல்றேன், மத்தது எனக்குத் தெரியாது.

ஆனைமலையில நடந்த கல்யாணத்தைக் கேரளா பஞ்சாயத்துல பதிவு பண்ண முடியாது. அங்க 2008 பொது விதிப்படி, கல்யாணம் நடந்த இடத்துப் பஞ்சாயத்தோ நகராட்சியோதான் பதிவாளர். உங்களுதுக்குத் தமிழ்நாடு சார்பதிவாளர் அலுவலகம். தமிழ்நாட்டு 2009 சட்டத்துல 90 நாளுக்குள்ள பதியணும், அபராதத்தோட இன்னும் 60 நாள். அது தாண்டிப் பல வருஷமாச்சுன்னா பயப்பட வேண்டாம். இந்து திருமணச் சட்டத்துல பதிவு பண்ணிக்கலாம், நாங்க தினம் பண்றதுதான்.

ஆனா தம்பதி ரெண்டு பேரும் நேர்ல வரணும், சாட்சிகளும் வரணும். வீட்டம்மா எப்ப லீவுல வர்றாங்கன்னு பார்த்து அதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் தயார் பண்ணி வெச்சிருங்க. கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது, போட்டோ, ரெண்டு பேர் வயசு, விலாசம் சான்று. பத்திரிகையைத் தூக்கிப் போட்டிருந்தீங்கன்னா சொந்தக்காரங்க பீரோவுல தேடுங்க, எங்கயாவது ஒண்ணு இருக்கும்.

முக்கியமானது: சான்றிதழ்ல பேரை எப்படி எழுதணும்னு கேட்பாங்க. பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே, ஒரு எழுத்து பிசகாம. “வீட்ல தங்கவேலுன்னுதான் கூப்பிடுவாங்க” எல்லாம் சொல்லாதீங்க.

தீவனக்கடை_தங்கவேல்

பேர் பிரச்சனையை விவரமாச் சொல்லிர்றேன். நான் படிச்சது இங்க. பள்ளிக்கூடத்துல மலையாளத்துல எழுதி, அதுலேர்ந்து இங்கிலீஷ் ஆக்கினப்ப ஜி வரவேண்டிய எடத்துல கே போட்டுட்டாங்க. எஸ்எஸ்எல்சி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாத்துலயும் கே. பொள்ளாச்சியில பாப்பா பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நம்ம தமிழ் முறைப்படி ஜி போட்டு எழுதிட்டாங்க. அதனால பாப்பா சான்றிதழ்ல அப்பா பேர் ஜி. பார்த்தா ரெண்டு ஆளு.

எங்கண்ணன் பேர் செந்தில், அவன் சர்டிபிகேட்ல எஸ் வரவேண்டிய எடத்துல சி எச். எங்க தெருவுல முருகன் எல்லாம் முருக்கன்தான்.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

இது எங்க பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் பார்க்கிற கதை. தமிழ் மீடியத்துலயே படிச்சிருந்தாலும் ஆபீஸ் ரிஜிஸ்டர் எழுதினவர் மலையாளியா இருந்தா இப்படித்தான் வரும். வேணும்னு யாரும் பண்ணலை.

எஸ்எஸ்எல்சியைத் திருத்தப் போகாதீங்க. அதுக்குத் திருவனந்தபுரம் பரீட்சா பவன் (கேரளா தேர்வு அலுவலகம்) வரைக்கும் போகணும், அப்புறம் ஆதார், அப்புறம் பாஸ்போர்ட்னு எல்லாத்தையும் ஒவ்வொண்ணாக் கழட்டணும். பாஸ்போர்ட்ல கே-ன்னா கே-யே இருக்கட்டும். தப்பான எழுத்துதான், ஆனா உங்க பேர்ல அஞ்சு காகிதம் அந்தத் தப்பையே சொல்லுது. ஜி சொல்றது ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணைத் திருத்துங்க.

வில்லேஜ் ஆபீஸ்ல ஒன் அண்ட் தி சேம் சர்டிபிகேட் வாங்குங்க. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு வில்லேஜ் ஆபீஸர் குடுக்கிறது. அக்ஷயாவுல அப்ளை பண்ணலாம்.

பொள்ளாச்சி_பத்திரம்

டீச்சர் சொல்றது சரி, ஆனா அந்த சர்டிபிகேட்டோட நிறுத்திராதீங்க. கேரளா வில்லேஜ் ஆபீஸர் குடுத்த தாள் ஜெர்மன்காரனுக்கு என்ன புரியும்? அது நகராட்சியில காட்டறதுக்கு ஆதாரம், அவ்வளவுதான். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துல 15ஆம் பிரிவு இருக்கு, எழுத்துப்பிழையைப் பதிவாளரே திருத்தலாம். பாஸ்போர்ட், எஸ்எஸ்எல்சி, அந்த வில்லேஜ் ஆபீஸ் தாள் மூணையும் வெச்சு நகராட்சியில மனு குடுங்க. திருத்தின சான்றிதழ் வந்தா விளக்கமே தேவையில்லை.

பாப்பா பேர் சான்றிதழ்ல ஏறியிருக்கான்னும் பாருங்க. நிறையப் பேர் பேர் வெக்காமலே வாங்கிட்டுப் போய் அப்படியே விட்டுடறாங்க. 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம், ஆனா விசா நேரத்துல ஓடக்கூடாது.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

விளக்கமே தேவையில்லைன்னு சொல்ல முடியாதுங்க. அந்த சர்டிபிகேட்டையும் ஃபைல்ல வைக்கட்டும். திருத்தின சான்றிதழ்ல புதுத் தேதி இருக்கும், ஏன் இப்பத் திருத்தினீங்கன்னு கேட்டா பதில் வேணும்.

பொள்ளாச்சி_பத்திரம்

சரி, ரெண்டும் இருக்கட்டும்.

ஆரியங்காவு_பாசஞ்சர்

இடையில வர்றேன். அப்போஸ்டில், அதாவது நம்ம சான்றிதழ் வெளிநாட்டுல செல்லும்னு வெளியுறவுத் துறை குத்தற முத்திரை, அதைப் பத்தி யாரும் பேசலையே? என்கிட்ட ஒரு ஏஜென்ட் கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாத்துக்கும் அப்போஸ்டில் போடணும்னு தாளுக்கு இவ்வளவுன்னு கேட்டார்.

லைப்சிக்_செவிலி

ஜெர்மனிக்குன்னா வேண்டாம். இந்தியா 2005ல அப்போஸ்டில் ஒப்பந்தத்துல சேர்ந்தப்ப ஜெர்மனி ஆட்சேபம் சொல்லிடுச்சு. அதனால ரெண்டு நாட்டுக்கும் நடுவுல அது செல்லாது. நம்ம வெளியுறவுத் துறை முத்திரை குத்தினாலும் இங்க அதுக்கு மதிப்பில்லை. சந்தேகம் வந்தா அவங்களே ஆள் வெச்சு விசாரிப்பாங்க, அந்தச் செலவும் நம்ம தலையில. மூணாறு அக்கா வீட்டுக்கு வந்தது அதுதான். மத்த நாட்டுக்குப் போறவங்களுக்கு அப்போஸ்டில் தேவைப்படலாம், அவங்க நோர்க்கா (வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பு) வழியாப் போட்டுக்கலாம்.

தமிழ்லயோ மலையாளத்துலயோ மட்டும் இருக்கிற தாளுக்கு மொழிபெயர்ப்பு வேணும். ரெண்டு மொழியில அச்சான சான்றிதழ் கிடைச்சா அந்தச் செலவும் மிச்சம்.

தீவனக்கடை_தங்கவேல்

ஏஜென்ட் என்கிட்டயும் அப்போஸ்டிலுக்குத் தனியாக் கேட்டாருங்க. சரி, அவரை விட்டுட்டேன்.

இதையும் கேட்டுக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. பொண்டாட்டி சம்பாதிக்க, இவன் பின்னாடியே போறான்னு எங்க பக்கம் பேசறாங்க. மாமனாரே கடையை வித்துட்டுப் போறியான்னு மூஞ்சியத் திருப்பிக்கறாரு. அங்க போய் நான் என்ன வேலை செய்யறது? வேலை செய்ய விடுவாங்களா?

லைப்சிக்_செவிலி

விடுவாங்க. குடும்ப விசாவுல வர்ற கணவனுக்கு எந்த வேலையும் செய்யலாம்னு கார்டுலயே போட்டிருக்கும். தனியா அனுமதி தேவையில்லை. ஆனா மொழி இல்லாம கிடைக்கிற வேலை கிடங்கு, பாத்திரம், சுத்தம் பண்றதுதான், அதுவும் உடம்பு ஒடியும். அதனாலதான் ஏ1 விலக்கு இருந்தாலும் படிச்சுட்டு வாங்கன்னு சொல்றேன். கோயமுத்தூர்லயே கோத்தே சென்ட்ரம் இருக்கு. ஏ1ல கேட்கறது, படிக்கறது, எழுதறது, பேசறது நாலு பகுதி, நூத்துக்கு அறுபது எடுத்தாப் போதும். பாஸாகலைன்னாலும் விசாவுக்குப் பாதிப்பில்லைங்கறதால பதறாம படிக்கலாம்.

என் வீட்டுக்காரர் ஊர்ல ரப்பர் கடை வெச்சிருந்தார். வந்த புதுசுல யார்கிட்டயும் பேசமாட்டார், பால்கனியில உட்கார்ந்து ஊருக்குப் போன் பண்ணிட்டே இருப்பார். பையனோட கிண்டர்கார்டன்லேர்ந்து வர்ற கடிதத்தைப் படிக்க நான் நைட் டியூட்டி முடிஞ்சு வரணும். அவருக்கு அதுதான் ரொம்ப உறுத்துச்சு. அப்புறம் பி1 முடிச்சு இப்ப ட்ராம் கம்பெனி பணிமனையில இருக்கார். ஊர்ல பேசினவங்க இப்ப அவங்க பையனுக்கு வழி கேட்கறாங்க.

மூணாறு_லயம்

மாமனாரைச் சமாதானப்படுத்தறதுக்கு ஒரு வழி: கடையை விக்காதீங்க. யாருக்காவது நடத்தக் குடுங்க. முதல் வருஷம் எப்படிப் போகும்னு யாருக்கும் தெரியாது.

உக்கடம்_ஸ்டாண்டு

இதை நான் ஒத்துக்கறேன். தீவனக் கடையில கணக்குப் பழகின ஆள் கிடைக்கறதுதான் கஷ்டம்.

நகரி_தறி

எனக்கொரு சந்தேகம். இவங்க ஆஸ்பத்திரியே ஃபாஸ்ட் ட்ராக்ல கூட்டிட்டுப் போகக்கூடாதா? தம்பி சொல்வான், 411 யூரோ கட்டினா சீக்கிரம் முடியும்னு.

லைப்சிக்_செவிலி

அது தொழிலாளியைக் கூப்பிடறப்ப முதலாளி செய்யறது. அதே சமயத்துல குடும்பமும் விண்ணப்பிச்சா அவங்களும் அதுக்குள்ள வருவாங்க. அக்கா ஏற்கனவே போய் வேலையில இருக்காங்க, இப்ப அது பொருந்தாது. புதுசா நோர்க்காவோட டிரிபிள் வின் நர்ஸ் திட்டத்துலயோ வேற வழியிலயோ கிளம்பற தங்கச்சிங்க, போறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிகிட்ட இதைக் கேட்டு வைங்க.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

விண்ணப்பம் ஆன்லைனாமே? என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள்.

லைப்சிக்_செவிலி

ஆமா டீச்சர். 2025 தொடக்கத்துலேர்ந்து ஜெர்மன் வெளியுறவுத் துறையோட கான்சுலர் சர்வீசஸ் போர்ட்டல்லயே நீண்டகால விசா விண்ணப்பம் போடலாம், குடும்ப விசாவும் அதுல உண்டு. தாளையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்தினா, குறை இருந்தா முன்னாடியே சொல்வாங்க. அப்புறம்தான் நேர்ல போய்க் கைரேகை, அசல் எல்லாம். பெரியவங்களுக்கு 75 யூரோ, குழந்தைக்கு 37.50, ரூபாயில கட்டணும். விஎஃப்எஸ் கட்டணம் தனி. பாப்பாவுக்குத் தனி விண்ணப்பம், தனி பாஸ்போர்ட். போய் இறங்கற நாள்லேர்ந்து பயணக் காப்பீடு எடுங்க. அங்க போனதும் நீங்களும் பாப்பாவும் அக்காவோட அரசு மருத்துவக் காப்பீட்டுல சேர்ந்துக்கலாம், உங்களுக்கு வருமானம் இல்லாத வரைக்கும் கூடுதல் பணம் கிடையாது.

ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. முன்னாடியெல்லாம் விசா மறுத்தா தூதரகத்துக்கே ரெமான்ஸ்ட்ரேஷன் எழுதிக் கேட்கலாம், செலவில்லாம. 2025 ஜூலை 1லேர்ந்து அதை எடுத்துட்டாங்க. இப்ப மறுத்தா ஒண்ணு முதல்லேர்ந்து புது விண்ணப்பம், இல்லாட்டி பெர்லின் நிர்வாக நீதிமன்றம். அப்புறமாப் பார்த்துக்கலாம்னு அரைகுறை ஃபைலைக் குடுக்கிற காலம் போயிடுச்சு.

ஆரியங்காவு_பாசஞ்சர்

இதை யாரும் எனக்குச் சொல்லலை. நான் அடுத்த வாரம் குடுக்கிறதா இருந்தேன், மறுபடி ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துட்டுக் குடுக்கறேன்.

தீவனக்கடை_தங்கவேல்

எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து அவளோட பேசினேன். கார்டு அப்பாயிண்ட்மென்ட் அடுத்த மாசம், அதுக்கப்புறம் லீவு போட்டு வர்றா. அவ வர்றதுக்குள்ள வில்லேஜ் ஆபீஸ் சர்டிபிகேட் வாங்கி நகராட்சியில மனுக் குடுத்துருவேன். அவ வந்ததும் சார்பதிவாளர் ஆபீஸ். பத்திரிகை எங்க பெரியம்மா வீட்டுல ஒண்ணு இருந்துச்சு, மூலையில எலி கடிச்சிருக்கு, பேரும் தேதியும் தெரியுது. பத்திரம் அண்ணா, அது செல்லுமா?

விண்ணப்பம் கேரளா விலாசத்துலயே, கொச்சியில. உக்கடத்து அண்ணா கோவிச்சுக்காதீங்க.

கடைசியா ஒரு கேள்வி. எனக்கு வண்டி ஓட்டத்தான் நல்லாத் தெரியும், தீவன லோடு பூராவும் நானேதான் ஓட்டறேன். நம்ம லைசென்ஸ் அங்க செல்லுமுங்களா?

பொள்ளாச்சி_பத்திரம்

பேர், தேதி, இடம் மூணும் தெரிஞ்சாப் போதும். கோயில் ரசீதும் போட்டோவும் கூட வைங்க. லேமினேஷன் மட்டும் பண்ணிராதீங்க.

உக்கடம்_ஸ்டாண்டு

கோவமெல்லாம் இல்லீங்க. கடைக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, எங்க மச்சான் பையன் சும்மாதான் இருக்கான்.

லைப்சிக்_செவிலி

லைசென்ஸ்: குடியேறின நாள்லேர்ந்து ஆறு மாசம் நம்ம லைசென்ஸ்லயே ஓட்டலாம், ஜெர்மன் மொழிபெயர்ப்போ சர்வதேச லைசென்ஸோ கூட இருக்கணும். அதுக்கப்புறம் தியரி, ஓட்டிக் காட்டறது ரெண்டு பரீட்சையும் எழுதணும், இந்தியாவுக்கு நேரடி மாற்றம் கிடையாது. தியரியை ஆங்கிலத்துல எழுதலாம், தமிழ் இல்லை. ஓட்டிக் காட்டறப்ப பக்கத்துல உட்கார்ந்து சொல்றவர் ஜெர்மன்லதான் சொல்வார், அதனால லிங்க்ஸ்னா இடது, ரெஷ்ட்ஸ்னா வலதுங்கறதை இப்பவே பழகிக்கோங்க. வண்டியும் வலப்பக்கம்தான் போகும். வந்த பதினாலு நாளுக்குள்ள விலாசத்தைப் பதியணும், அதுக்கு வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட தாள் வேணும். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்னா அதை யார் குடுப்பாங்கன்னு அக்காவை இப்பவே கேட்டு வைக்கச் சொல்லுங்க.